மன்னார் வளைகுடாவில் இறங்கவிருக்கும் சம்மட்டி

சிவகாசியில் செய்யப்படும் வெடிக்கு ஒலிவரம்பு உண்டு. வெடிக்கும் இடத்தினின்று 4 மீட்டர் தொலைவில் அளந்தால் 125 தெசிபெல்லைத் தாண்டலாகாது என்று நடுவணரசு 1999-இல் நெறி வகுத்தது. மாந்தர் செவியைக் காக்க வந்த நெறி. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் அதே அரசு மன்னார் வளைகுடாவின் அடித்தரையில் எஃகுத் தூண்களை அறைந்திறக்க எண்ணுங்கால், அங்கு வாழும் உயிர்களின் செவிக்கு என்ன வரம்பு?

கடலில்லா மாவட்டத்தார்க்கு இக்கவலை எற்றுக்கு என்பார் உளர். 1985 வரை விருதுநகரும் சிவகாசியும் இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள். மன்னார் வளைகுடா அன்று நம் மாவட்டத்துக் கடல். கோடு கிழித்தவர் அரசினர்; உறவைக் கிழிக்க அவர்க்கு இயலாது.

கடற்காற்றாலைக் கொள்கையை நடுவணரசு 2015-இல் வெளியிட்டது. குசராத்துக் கடலும் தமிழகத் தென்கடலும் அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டன. 2024 சூனில், ஈரிடத்தும் ஐந்நூறு ஐந்நூறு மெகாவாட்டு ஆலைகளுக்கும் துறைமுகச் சீரமைப்பிற்குமாக 7,453 கோடி உருவாவிற்கு நடுவண் அமைச்சரவை இசைந்தது. அவ்வாண்டே தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டிற்கென விடுத்த ஒப்பந்தப்புள்ளி அழைப்பு 2025-இல் கைவிடப்பட்டது. அழைப்புத்தான் போயிற்று, கொள்கை நிற்கின்றது. நெறி வகுக்க வாய்த்த இடைவெளி இதுவே.

காற்றாலையை நாம் வெறுப்பவரல்லேம். ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் சுழலும் ஆலைகளைக் கண்டு மகிழ்ந்தவரே. நிலக்கரிப் புகையினும் காற்று நன்று. நட்டபின் அத்தூண்களில் சிப்பி பற்றுவதும் மீன் கூடுவதும் மேலைக் கடல்களில் கண்ட உண்மை. கேடு சுழலியில் அன்று. அதனை நிறுத்தும் முறையில் உளது. பல மீட்டர் அகன்ற எஃகுத் தூண் ஒன்றை இறக்கப் பொறிச் சம்மட்டி ஆயிரக்கணக்கில் அடிக்கும். ஒலி காற்றினும் நீரில் நான்கு மடங்கிற்கு மேல் விரைந்து செல்வது, நெடுந்தொலைவும் செல்வது. காற்றில் அளந்த தெசிபெல்லும் நீரில் அளந்ததும் ஒன்றல்ல என்பதை மாணவர்க்குச் சொல்லி வைத்தல் நன்று. அருகிலுள்ள மீனின் காற்றுப்பை சிதையும். தொலைவிலுள்ளது வாழிடம் விட்டோடும். தூண் நடுங்காலும் மின்வடம் புதைக்குங்காலும் கிளம்பும் சேறு பவளத்தையும் கடற்புல்லையும் மூடும்.

அப்புல்லை மேய்ந்து வாழ்வது ஆவுளியா. கடற்பசு என்று நூலார் எழுதுவர். நமக்குக் கடலோடிகளின் வாய்ச்சொல்லே இனிது. சில மணித்துளிக்கு ஒருமுறை மேல்வந்து மூச்சுவிடும் இவ்விலங்கு, பல்லாண்டிற்கு ஒரு கன்றே ஈனும். தமிழக அரசு 2022-இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்குக் காப்பிடமாக்கியது. ஆவுளியா கோடறியாது, மன்னார் வளைகுடாவிலும் அது மேய்கின்றது. அங்குக் கடற்பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளுள் இரண்டு, பவளப்பாறையைச் சுண்ணாம்பிற்காக அகழ்ந்தமையால் முன்னரே நீருள் மூழ்கின.

செருமனி நாட்டார் என் செய்தனர்? வடகடலில் தூண் அறைந்தபொழுது, ஓங்கிலையொத்த சிறுவிலங்குகள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அளவும் விலகியோடியதை ஆய்ந்து கண்டனர். தூணினின்று 750 மீட்டரில் 160 தெசிபெல் என்று வரம்பிட்டனர். தூணைச் சுற்றித் துளைக்குழாய் கிடத்திக் காற்றைச் செலுத்த, எழும் குமிழித்திரை ஒலியை மட்டுப்படுத்துகின்றது. செலவு மிகும் என்று முதலாளிகள் முணுமுணுக்கலாம். 7,453 கோடி கொடுக்கும் அரசு குமிழிக்குக் காற்றும் கேட்கலாமே!

மீன் இனம் பெருக ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் கட்டச் சொல்கின்றது அரசு. மீனவன் அடுப்பணைந்த அந்நாளில் சம்மட்டி மட்டும் ஓங்குதல் முறையோ? அடுத்த ஒப்பந்தப்புள்ளி அழைப்பிற்கு முன்னரே நீரொலி வரம்பும் குமிழித்திரையும் இந்த 61 நாள் ஓய்வும் சட்டமாதல் வேண்டும். கடலடி ஆய்வறிக்கை தமிழில் எழுதப்பெற்று, தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள மீனவர் ஊர்தோறும் படித்துக் காட்டப்பெறுதல் வேண்டும்.