சக்கரம் தரையில் நிற்கட்டும், பிறகு முறுக்குங்கள்

உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனுக்கு அதிகம் ஏச்சு வாங்கித் தருவது இறப்பர் புஷ்தான். சென்ற வருடம் ஏறாவூர்ப் பக்கம் இருந்து ஹயர் ஓடும் டொல்பின் வான்காரர் ஒருவர் வந்து, கிழிந்த புஷ் இரண்டை மேசையில் போட்டார். "காக்கா, நீங்க தந்த சாமான் டூப்ளிகேட். நாலு மாசம் கூட தாங்கல்ல" என்றார். பேச்சை வளர்க்காமல் வேறு சோடி கொடுத்தேன். அதுவும் கிழிந்து வந்தது. மூன்றாவது சோடியைக் கொடுக்கும்போது, பூட்டுகிற இடத்துக்கு நானும் வருகிறேன் என்று கூடவே போனேன்.

கராஜில் வான் ஜக்கில் நின்றது. முன் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. பாஸ் நல்ல வேலைக்காரர்தான். ஆனால் தொங்கிய நிலையிலேயே சொக் அப்சோபரின் கீழ்ப் போல்ட்டையும் ஆர்ம் போல்ட்டையும் நீளக் குழாய் போட்டு இறுக்கத் தொடங்கினார். கோளாறு அங்கேதான்.

புஷ் என்பது பெயரிங் போல் சுழலும் சாமான் அல்ல. வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே ஒட்டிய இறப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடிபட்டு விடும். பிறகு சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் இறப்பர்தான் முறுகிக் கொடுத்து, திரும்பித் தன் நிலைக்கு வர வேண்டும். தொங்கும்போது இறுக்கினால், வான் தரையில் இறங்கிய நிமிடமே இறப்பர் முறுகிவிடும். சும்மா நிறுத்தி வைத்திருக்கும்போதும் அது முறுகியேதான் இருக்கும். மணிக்கட்டை முடிந்த மட்டும் திருகி வைத்துக்கொண்டு அரிசி மூட்டை தூக்கிப் பாருங்கள், அந்த இறப்பரின் பாடு விளங்கும். இதில் சொக்கை விட ஆர்ம் புஷ்ஷுக்கே பாதிப்பு அதிகம்.

சரியான முறை கடினமானதல்ல. போல்ட்டுகளை இலேசாக மட்டும் பூட்டி, வாகனத்தைத் தரையில் இறக்கி, நாலைந்து தரம் அமுக்கி ஆட்டிவிட்டு, பாரம் சக்கரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். கம்பனி மனுவல்கள் சொல்வதும் இதுதான். குழி இல்லாத கராஜில் கீழ் ஆர்முக்கு ஜக் கொடுத்து, வாகனத்தின் பாரம் அதில் ஏறும் வரை உயர்த்திக் கொள்ளலாம். சொக்கின் மேல் முனையில் வரும் வட்ட இறப்பர்கள் வேறு வகை. அவற்றைப் பலம் காட்டி நசுக்கினால் வெடித்துவிடும்.

எங்கள் வாவிக்கரையில் உப்புக் காற்று வேறு. துருவேறிய பழைய போல்ட்டையே திரும்பப் போட்டால், கை பாரமாக உணரும், போல்ட் இறுகியிருக்காது. புதுப் போல்ட்டுக்கு ஏன் கஞ்சத்தனம்?

"நாங்க இருவது வருஷமா இப்படித்தான் பூட்டுறம்" என்றார் பாஸ். அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அரை மணித்தியாலம் கூடுதலாகப் பிடிக்கும் வேலைக்கு, வான்காரர் நூறு ரூபாய் கூடக் கொடுக்க மனமில்லாமல் பேரம் பேசுகிறார். நானும் இத்தனை வருடமாகப் பெட்டியைக் கொடுத்துக் காசை வாங்கியதோடு சரி, எப்படிப் பூட்டுவது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிழிந்து வந்தால் கொழும்பு இறக்குமதியாளரை ஏசுவேன். போலிச் சாமான் சந்தையில் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாப் பழியும் அதன் தலையில் அல்ல.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றி அறுபதைத் தொட்டது. கதவு திறந்தும், வரியோடு சேர்த்த விலை எங்களைப் போன்றோருக்கு எட்டவில்லை. கையிலிருக்கும் பழைய வானும் லொறியும்தான் எங்கள் முதல். அதை ஜக்கில் தொங்கவிட்டு நாசமாக்குவது என்ன வியாபாரம்? இப்போது புஷ் வாங்குபவரிடம் "தரையில் இறக்கி இறுக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லித்தான் பெட்டியைக் கொடுக்கிறேன். மற்றக் கடைக்காரர்களும் சொன்னால் நல்லது.

அந்த டொல்பின்காரர் போன கிழமை கடைக்கு வந்தார். ஒயில் பில்டர் ஒன்று வாங்கினார், அதற்கும் பேரம் பேசினார். புஷ் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.