மயக்கமும் மந்திரிப்பும்

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் ஒருவர் நினைவு தப்பி விழுந்துவிட்டால், காற்றுக் கருப்பு அடித்துவிட்டதென்று வேப்பிலை தேடுகின்றவர்கள் இன்னமும் இருக்கின்றார்கள். இதில் மந்திரிக்கிறவருக்குப் பெயர் எப்படி வந்தது? சாதாரண மயக்கம் ஓரிரு நிமிஷத்தில் தானே தெளிந்துவிடும். தெளிந்தால் விபூதியின் மகிமை. தெளியாமல் செத்தால் தலைவிதி! இரண்டிலும் தோற்காத வியாபாரம் இதைத் தவிர வேறு உண்டா?

தோழர்களே! மூளைக்கு இரத்தமும், பிராணவாயுவும், சர்க்கரையும் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தடைப்பட்டாலும், விஷமோ அடியோ மூளையைத் தாக்கினாலும் நினைவு போய்விடும். நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போனவருக்குச் சர்க்கரை இறங்குகின்றது. பூச்சிமருந்து அடித்தவருக்கு விஷம் ஏறுகின்றது. இரத்தக் கொதிப்புக்காரருக்கு மண்டைக்குள் குழாய் வெடிக்கின்றது. இதில் பேய்க்கு என்ன வேலை?

கட்டுவிரியன் சங்கதியோ இன்னும் கொடுமை. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் தெரியாது. பிறகு இமை தொங்கி, மூச்சடங்கிப் பிணம்போல் கிடப்பார். ஆனால் உள்ளே நினைவு இருக்கக்கூடும். நாம் அழுவதுகூடக் காதில் விழக்கூடும். செயற்கைச் சுவாசமும் விஷமுறிவு ஊசியும் கிடைத்தால் பிழைக்கவும் கூடும். அந்த ஊசிமருந்து செய்வதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பது நாகாத்தம்மனா? அல்ல, வடநெம்மேலியில் 1978-இல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரே.

ஆகையால் செய்ய வேண்டியது இதுதான். கூட்டத்தை விலக்கி, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நாக்கும் வாந்தியும் மூச்சை அடைக்கமாட்டா. மூச்சு நின்றிருந்தால் நடு நெஞ்சில் நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். சோடா, தண்ணீர், தீர்த்தம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய் ஆளைக் கொன்றுவிடும். பாம்புக்கடியைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. மாத்திரைச் சீட்டையும் மருந்து டப்பாவையும் கூடவே கொண்டுபோங்கள்.

பக்கத்தில் சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 1823-இல் பிரெஞ்சுக்காரர் ஏற்படுத்திய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் புதுச்சேரியிலேயே இருக்கின்றது. இவ்வளவும் இருந்தும், முதல் ஒரு மணி நேரத்தை வேப்பிலைக்குக் கொடுத்துவிட்டுப் பிணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்ன புத்தி? திருவிழாவுக்குப் பத்து நாள் ஒதுக்கும் ஊர், இந்த முதலுதவியைக் கற்க வருஷத்தில் ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா? கொம்யூன் பஞ்சாயத்துகள் இதை முன்னின்று நடத்த வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.