ஒரே ஷாஃப்ட், ரெண்டு இன்ஜின்: நாம ஏன் 'அல்லது'விலேயே நிற்கிறோம்?

கடலே இல்லாத ஈரோட்டுல உட்கார்ந்துக்கிட்டு கப்பல் இன்ஜினைப் பத்தி எதுக்கு எழுதணும்னு கேட்பீங்க. நமக்குத் தெரிஞ்ச கப்பல் போக்குவரத்து நெரிஞ்சிப்பேட்டை - பூலாம்பட்டி விசைப்படகோட முடிஞ்சிடுது. ஆனா விஷயம் நமக்குப் புதுசு இல்லை. நம்ம பக்கத் தோட்டங்கள்ல ஒரே கிணத்துக்கு கரண்ட் மோட்டாரும் ஆயில் இன்ஜினும் வெச்சிருந்த காலம் உண்டு. கரண்ட் இருந்தா மோட்டார், போயிட்டா இன்ஜின். ரெண்டும் சேர்ந்து இறைக்காது.

2010-ல் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் ஷிவாலிக், 2025 ஜனவரியில் சேர்ந்த ஐஎன்எஸ் நீல்கிரி, அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ம் தேதி விசாகப்பட்டினத்தில் சேர்ந்த உதயகிரி, ஹிம்கிரி எல்லாமே இந்த 'அல்லது' வகைதான். கோடாக் என்று பெயர்: டீசல் அல்லது கேஸ் டர்பைன். மெதுவாகப் போகும்போது டீசல், வேகம் வேண்டுமென்றால் டர்பைன்.

ஏன் ரெண்டு இன்ஜின்? கப்பலுக்கு வேண்டிய பவர், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 28 நாட் போகக்கூடிய கப்பல் 14 நாட்டில் போனால் எட்டில் ஒரு பங்கு பவர் போதும். போர்க்கப்பல் தன் வாழ்நாளில் பெரும்பகுதி மெதுவாகத்தான் சுற்றுகிறது. கேஸ் டர்பைன் ஃபுல் லோடில் நல்ல பிள்ளை. எட்டில் ஒரு பங்கு லோடில் எரிபொருளைக் குடித்துத் தீர்த்துவிடும். டீசல் அப்படி இல்லை. ஆனால் அதே பவருக்கு டர்பைனைவிட டீசல் ரொம்ப கனம், இடமும் அதிகம் அடைக்கும். அதனால்தான் ரெண்டும் வேண்டியிருக்கு.

இது இன்றைய யோசனையும் இல்லை. டைட்டானிக்கிலேயே ரெண்டு பிஸ்டன் நீராவி இன்ஜின்கள் ஓடி, அவை வெளியே விட்ட நீராவியில் நடுவில் ஒரு டர்பைன் தனி ப்ரொப்பெல்லரைச் சுற்றியது. வீணாகப் போகிறதைப் பிடித்து வேலை வாங்கியிருக்காங்க.

என் கேள்வி இதுதான்: 'அல்லது' போதுமா? ஒரு ஷாஃப்ட்டுக்கு உச்ச வேகத்தில் 20 மெகாவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'அல்லது' முறையில் டர்பைன் தனியாகவே 20 மெகாவாட் தர வேண்டும். 8 மெகாவாட் டீசல் அந்த நேரத்தில் சும்மா சுமைதான். 'மற்றும்' முறையில், அதாவது கோடேக்கில், 8 மெகாவாட் டீசலோடு 12 மெகாவாட் டர்பைன் சேர்ந்தால் கணக்கு முடிந்தது.

இந்த 12 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. பெங்களூருவில் இருக்கும் ஜிடிஆர்இ, தேஜஸ் போர்விமானத்துக்காக ஒரு இன்ஜின் செய்தது. பேரு காவேரி, நம்ம ஆத்தோட பேருதான். தேஜஸுக்கு வேண்டிய உந்துவிசையை அது எட்டவில்லை. விமானம் அமெரிக்க ஜிஇ எஃப்404 போட்டுப் பறக்கிறது. ஆனால் காவேரியின் கப்பல் வடிவம் விசாகப்பட்டினம் சோதனை மேடையில் 12 மெகாவாட் அளவில் ஓடிக் காட்டியது. விமான இன்ஜின் கப்பலுக்கு வருவது குறைச்சல் இல்லை. ஷிவாலிக்கிலும் நீல்கிரியிலும் இருக்கும் ஜிஇ எல்எம்2500 கூட விமான இன்ஜினிலிருந்து வந்ததுதான். அதை இங்கே எச்ஏஎல் கோர்த்துத் தருகிறது, டிசைன் அவங்களோடது.

காவேரி சின்னது என்று ஒதுக்குவது 'அல்லது' முறையில் சரி. 'மற்றும்' முறையில் அதே சின்ன டர்பைனுக்கு இடம் இருக்கு. ஐஎன்எஸ் கொல்கத்தா வகைக் கப்பல்களுக்கான டர்பைன்கள் உக்ரைனின் மிகோலாயிவ் நகரத்திலிருந்து வந்தவை. 2022-ல் அந்த ஊர் மேலேயே குண்டு விழுந்தது. இன்னொரு நாட்டு ஆலையை நம்பி இருப்பது என்றால் என்னவென்று இதுக்கு மேல விளக்க வேண்டியதில்லை.

எதிர்வாதம் பலமானது, மறைக்க மாட்டேன். டீசல் மட்டும் ஓடும்போது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று வேகத்தில் சுற்றும். டர்பைனும் சேர்ந்தால் அதைவிட வேகமாகச் சுற்றும். டீசல் இஷ்டத்துக்கு வேகம் ஏறாது. அதனால் ரெண்டு விகித கியரோ, இதழ்க் கோணம் மாற்றும் ப்ரொப்பெல்லரோ, இல்லை ரெண்டுமோ வேண்டும். சமமில்லாத ரெண்டு மாட்டை ஒரே நுகத்தில் பூட்டுகிற கதை. அமெரிக்காவின் ஃப்ரீடம் வகைக் கப்பல்கள் கோடேக்தான். அதில் யுஎஸ்எஸ் மில்வாக்கி 2015 நவம்பரில் சேவைக்கு வந்து, ஒரு மாதம் ஆகும் முன்பே கியர் பக்கக் கோளாறில் நடுக்கடலில் நின்று, இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த வகையின் இணைப்புக் கியரில் டிசைன் குறையே இருந்ததால் 2021-ல் புதுக் கப்பல்களை வாங்குவதையே அமெரிக்கக் கடற்படை நிறுத்தி வைத்தது.

ஆனா ஜெர்மனி 1961-லேயே க்யோல்ன் வகைப் போர்க்கப்பல்களை கோடேக்கில் ஓட்டியது. ஆக, சிக்கல் 'மற்றும்' என்ற யோசனையில் இல்லை, கியர்பாக்ஸில் இருக்கு. கியர்பாக்ஸ் நமக்கு எட்டாததும் இல்லை. ஷிவாலிக்கின் கியர்பாக்ஸைச் செய்தது குஜராத்தின் எலகான். நம்ம கோயம்புத்தூரில் கியர் வெட்டத் தெரிந்த பட்டறைகளுக்குப் பஞ்சமா?

நம்ம மெக்கானிக்கல் பசங்க பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னும் சோலார் ட்ரையர்தான் எடுக்கிறோம். லேபில் டீசல் இன்ஜினை ஃபுல் லோடில் ஓட்டி ஒரு எஃபிஷியன்சி எண்ணை எழுதி கையெழுத்து வாங்கிடுறோம். எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓடும் என்ற பட்டியலை முதலில் போட்டு, அதுக்கு 8 கூட்டல் 12 சரியா, வெறும் 20 சரியா என்று மாட்லாபில் ஓட்டிப் பார்க்கலாம். கப்பல் வேண்டாம், லேப் வேண்டாம், ஒரு லேப்டாப் போதும். அடுத்த பேட்ச்சில் ரெண்டு பேர் எடுங்கப்பா.