விலை கூடினால் பாட்டுத் தெளிவாகுமா?

மோட்டார் சைக்கிளில் பாட்டுக் கேட்க ஒரு பிளேயர் வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும், விலை கூடியதை வாங்கினால்தான் ஓடும்போது தெளிவாகக் கேட்கும் என்பார்கள். வீரமுனையிலும் இதே கதைதான், சம்மாந்துறையிலும் கல்முனையிலும் இதே கதைதான். நம் பிள்ளைகள் மிச்சம் பிடித்த காசைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை பிழை. காசோடு சேர்த்துக் காதையும் கெடுக்கிற பிழை.

ஹெல்மட்டுக்குள் நடப்பதைப் பாருங்கள். மணிக்கு 65 கிலோமீற்றர் வேகத்தில் உள்ளே எழும் காற்றிரைச்சல் ஏறத்தாழ 90 டெசிபெல். அதில் பெரும்பகுதி நாடிக்குக் கீழே புகுந்து சுழலும் காற்றின் சத்தம். சாதாரண சிடி ஒன்று மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபெல் வீச்சைத் தாங்கும். விலை கூடிய பிளேயர்கள் அதற்கும் மேலே போவதைச் சொல்லித்தான் விற்கப்படுகின்றன. அந்த வீச்சின் மெல்லிய பகுதி முழுவதும் இரைச்சலுக்கு அடியில் புதைந்துவிட்ட பிறகு, அதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? காற்றின் சத்தம் பெரும்பாலும் தாழ்சுருதி. அதனால் இளையராஜா பாட்டுகளின் அடியில் ஓடும் பேஸ் கிட்டார்தான் முதலில் காணாமல் போகும். நாகூர் ஹனிபாவின் கணீரென்ற குரல் மலிவான பிளேயரிலும் காற்றைத் தாண்டி வந்துவிடும்.

இரைச்சலை அடக்கும் இயர்போன் இருக்கிறதே என்பார்கள். விமானத்துக்குள் கேட்கும் சீரான உறுமலுக்கு அது நன்றாக வேலை செய்யும். அதன் மைக்கின் மேலேயே மோதுகிற காற்றில் தடுமாறும்.

பேஸ் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவதுதான் எனக்குப் பெரிய கவலை. காற்றை மீற வேண்டுமானால் பாட்டு 95 டெசிபெலுக்கு வந்தாக வேண்டும். அந்த அளவில் ஒரு வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீரமுனையிலிருந்து மட்டக்களப்புக்கு 40 கிலோமீற்றருக்கு மேல். ஒருநாள் போய்வருவதற்குள் அந்த வாரத்தின் பங்கு முடிந்துவிடும். அதையே தினமும் செய்கிறவருடைய காது என்னாகும்? உள்காதின் நுண்மயிர்க் கலங்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

அப்படியானால் எதை வாங்குவது? கையுறையோடு தடவிப் பார்த்தே அமுக்கக்கூடிய பொத்தான்கள் உள்ளதை. தொடுதிரை வேண்டாம், அது கண்ணை வீதியிலிருந்து பிடுங்கும். மெமரி சிப் போடும் இடமும், நிறுத்திய இடத்திலிருந்து தொடரும் வசதியும், சத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியும் இருந்தால் போதும். 128 கிலோபிட் எம்பி3 நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட். 8 ஜிபி சிப்பில் நாலு நிமிடப் பாட்டு ஏறத்தாழ இரண்டாயிரம் அடங்கும். கார்த்திகை, மார்கழி மழைக்கு ஒரு பொலித்தீன் உறை போதும். மலிவான பிளேயர் நனைந்து போனாலும் வீடு கலங்காது.

மிச்சமாகும் காசில் தலைக்கு இறுக்கமாகப் பொருந்தும், முகம் மூடிய ஹெல்மட் வாங்குங்கள். நாடிக்குக் கீழே ஒரு துணியையும் சுற்றிக்கொள்ளுங்கள். எந்த பிளேயரும் தராத தெளிவை அவை தரும். ஹெல்மட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு ஓடும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

வீட்டு முற்றத்தில் நின்று, பக்கத்தில் இருப்பவர் பேசுவது விளங்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்துப் பூட்டிவிடுங்கள். ஓடும்போது அது போதவில்லையென்றால் பாட்டை நிறுத்துங்கள். பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் உங்களுக்குக் கேட்டாக வேண்டும்.