‘மேலு வலி’க்கு எத்தனை மதிப்பெண்?

ஆத்தூர்க் கொடிக்கால்களிலும் வாழைத் தோட்டங்களிலும், பழையகாயல், ஆறுமுகநேரி உப்பளங்களிலும் வேலை பார்க்கும் நம் பெண்களிடம் “எப்படிக்கா இருக்கீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “மேலெல்லாம் வலிக்கு” என்பார்கள். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓர் ஊசி, நாலு மாத்திரை. கூடவே ஒரு வசனம்: “வேலை செஞ்சா வலிக்கத்தாம்மா செய்யும்.” டவுனில் வசதியான வீட்டுப் பெண் இதே வலியைச் சொன்னால் இரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறார்கள், நிபுணரிடம் அனுப்புகிறார்கள். உழைக்கும் சாதியின் உடம்பில் வலி இருப்பதை இயல்பு என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் மருத்துவத்துக்குள்ளும் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் உடம்பெங்கும் வலி, தூங்கி எழுந்தாலும் அசதி, மறதி, மனம் ஒரு நிலையில் நிற்காமை. இவையெல்லாம் சேர்ந்த ஒரு நோய் உண்டு. அதற்குப் பெயர் பைப்ரோமயால்ஜியா. எக்ஸ்ரேயில் தெரியாது, இரத்தப் பரிசோதனையில் அகப்படாது. மூட்டு தேயாது, வீங்காது. மூளையும் நரம்பும் வலியை உணரும் விதம் மாறி, சின்னத் தொடுகையும் பெரிய வலியாகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம் கண்டறியப்படுகிறது. பாடகி லேடி காகா 2017இல் இந்த நோயால்தான் தன் ஐரோப்பியக் கச்சேரிகளைத் தள்ளிவைத்தார். உப்பு வாருகிறவர் எதைத் தள்ளிவைப்பது?

பரிசோதனையில் அகப்படாத நோய் என்பதால் கேட்டுத்தான் அறிய வேண்டும். 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் உடம்பில் 18 இடங்களைக் குறித்து, விரலால் அழுத்தும்போது 11 இடங்களில் வலித்தால் இந்த நோய் என்றார்கள். 2010இல் அதைக் கைவிட்டு, 19 பகுதிகளில் எத்தனை வலிக்கின்றன என்ற கணக்கையும், அசதி, தெளிவில்லாத தூக்கம், மறதி முதலியவற்றுக்கு 12 வரை போகும் ஒரு மதிப்பெண்ணையும் கொண்டுவந்தார்கள். நோயின் கடுமையை அளக்கத் தனியாக இன்னொரு கேள்வித்தாள் உண்டு. அமெரிக்காவின் ஓரிகானில் உருவாகி 1991இல் வெளிவந்தது. மொத்தம் 100 மதிப்பெண். 39க்குக் கீழே இலேசானது, 59க்குக் கீழே நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்று பின்னால் பிரித்தார்கள்.

பிரிப்பதில் தவறில்லை. இலேசான நிலையில் இருப்பவருக்கு விளக்கமும், மெல்ல மெல்லக் கூட்டும் உடற்பயிற்சியுமே முதல் வைத்தியம். கடுமையானவருக்கு மருந்து, மனநல ஆலோசனை, பல துறையினர் சேர்ந்து தரும் மறுவாழ்வுச் சிகிச்சை எல்லாம் வேண்டும். யாருக்கு எது என்று தெரியாமல் எல்லாருக்கும் ஒரே டைக்ளோபினாக் ஊசியைப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். (அந்த ஊசியும் ஸ்டீராய்டும் இந்த நோய்க்குப் பயன்படுவதில்லை. வருடக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடுவதுதான் மிச்சம்.)

என் சண்டை கேள்விகளோடுதான். 1991 தாளில் கடைக்குப் போக முடிகிறதா, துணி துவைக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்த முடிகிறதா, கம்பளத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்ய முடிகிறதா, கார் ஓட்ட முடிகிறதா என்று கேட்டிருந்தார்கள். சிரிப்பு வருகிறது. ஆனால் செய்யாத வேலையை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுக்கலாம் என்று விதி இருந்ததால், கார் இல்லாதது பெரிய குறையில்லை. குறை இன்னொரு கேள்வியில் இருந்தது: போன வாரம் இந்த நோயால் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை?

நம் அக்கா என்ன சொல்வார்? “ஒரு நாளும் நிக்கலையே.” அதற்கு மதிப்பெண் பூச்சியம். நின்றால் அன்றைய கூலி இல்லை, அதனால் நிற்கவில்லை. சம்பளத்தோடு விடுப்பு எடுக்க முடிந்தவர் நாலு நாள் படுத்தால் நாலு நாளும் மதிப்பெண்ணாக ஏறும். அப்படியானால் இந்தக் கேள்வி வலியை அளக்கிறதா, வலித்தால் படுக்கக்கூடிய வசதியை அளக்கிறதா? 2009இல் தாளைத் திருத்தியபோது காரும் போனது, இந்தக் கேள்வியும் போனது. நம் ஆஸ்பத்திரி மேசைகளிலிருந்து மட்டும் அது போகவில்லை. “வேலைக்குப் போறீங்கள்ல? அப்ப ஒண்ணுமில்ல” என்பது அதே கேள்விதான்.

செய்கிறார் என்பதால் அவரால் முடிகிறது என்று பொருள் இல்லை. உப்புக் கூடையைத் தலையில் தூக்கி வரப்பில் நடக்கிற பெண்ணிடம் “தூக்க முடிகிறதா?” என்று கேட்டுப் பயனில்லை. தூக்கிய அன்று இரவு எத்தனை முறை விழிக்கிறார், மறுநாள் காலை கையை மடக்க எவ்வளவு நேரமாகிறது, எதற்கெல்லாம் மகளைக் கூப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும். குனிந்து வெற்றிலை கிள்ளி, உட்கார்ந்து கவுளி கட்டியபின் எழுந்திருக்க எதைப் பிடிக்கிறார் என்று கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் நாட்பட்ட வலியின் கடுமையை வலியின் அளவு, அது தரும் மனவேதனை, அன்றாட வாழ்க்கைக்கு அது செய்யும் இடையூறு என்ற மூன்றாலும் குறிக்கச் சொல்கிறது. மூன்றையும் நம் பேச்சில் கேட்கலாம். அதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை.

கிராமத்தில் இது சாத்தியமா என்பார்கள். மகாராஷ்டிரத்தின் பிக்வான் கிராமத்தில் 1996இல் வீடுவீடாகப் போய் மூட்டு, தசை வலிகளைக் கேட்டு எழுதினார்கள். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு அப்படி ஏதோ ஒரு வலி இருந்தது. இங்கே நமக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் அந்தக் குழுவில் உண்டு. சர்க்கரை அளவை எழுதும் அதே அட்டையில் வலிக்கு நாலு வரி சேர்த்தால் என்ன செலவாகிவிடும்?

அடுத்தது சட்டம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பைப்ரோமயால்ஜியா அதில் இல்லை. பட்டியலில் இருந்தாலும் இட ஒதுக்கீடு போன்ற முக்கியச் சலுகைகளுக்கு 40 விழுக்காடு வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வலியை விழுக்காட்டில் அடக்குவது கடினம்தான். ஆனால் 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள விகாஷ் குமார் தொடுத்த வழக்கில், 40 விழுக்காடு இல்லை என்பதற்காகத் தேர்வில் உதவி எழுத்தரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விழுக்காடே எல்லாம் அல்ல என்பதற்கு இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருக்கலாம்.

ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை, இந்தியாவில் தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்கிறது. அந்த இடைவெளிக்கு வலி மட்டும் காரணமில்லை. ஆனால் வலியைச் சொன்னபோது கேட்காமல் விட்ட நாள்களும் அதில் அடங்கும் என்றே நான் நினைக்கிறேன்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் அம்மாவிடமோ ஆச்சியிடமோ உட்கார்ந்து கேளுங்கள்: எங்கெங்கே வலிக்கிறது, எத்தனை மாதமாக, தூங்கி எழுந்தால் அசதி போகிறதா, வலியால் எதை விட்டுவிட்டீர்கள். ஒரு தாளில் எழுதுங்கள். நீங்களே நோய்க்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதுவும் அசதி தரும். தைராய்டு கோளாறும் வலி தரும். அவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்து வலி மட்டும் நிற்கவில்லையென்றால், அந்தத் தாளோடு தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அம்மா “ஒண்ணுமில்ல, லேசாத்தான்” என்று சொல்ல ஆரம்பித்தால், நீங்கள் தாளை நீட்டுங்கள்.