தவணைப் பணம் எந்தக் கணக்குக்குப் போனது?

‘பி.எம். கிசான் தவணை இரண்டு முறையாக வரவில்லை. கூட்டுறவு வங்கி பாஸ்புக்கில் வரவே இல்லை. இணையத்தில் பார்த்தால் பணம் செலுத்தப்பட்டதாகக் காட்டுகிறது. யாரிடம் புகார் கொடுப்பது?’ தருமபுரி மாவட்டத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ‘போன வருஷம் தபால்காரர் வீட்டுக்கே வந்து ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார்.’

பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. பணம் தொலைந்திருக்காது. அநேகமாக அந்தப் புதுக் கணக்கில் அவருக்காகக் காத்திருக்கும்.

ஆண்டுக்கு 6,000 ரூபாயாக மூன்று தவணையில் வரும் இந்த உதவித்தொகை, பாஸ்புக் எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. நான்கு வங்கிகளில் ஆதார் நகல் கொடுத்திருந்தாலும் மானியம் இறங்குவது ஒரே கணக்கில்தான். மானியத்துக்கென்று கடைசியாக எந்த வங்கியோடு ஆதாரை இணைத்தோமோ, அந்த வங்கிக் கணக்கில். தபால்காரர் கணக்கு தொடங்கும்போது ‘அண்ணா, மானியப் பணமெல்லாம் இதுலயே வர்ற மாதிரி போட்டுடட்டுமா?’ என்று கேட்டிருப்பார். வேலை அவசரத்தில் ‘போடுப்பா’ என்று இவரும் சொல்லியிருப்பார். அந்த ஒரு சொல்லோடு பழைய இணைப்பு மாறிவிடும். தபால்காரர் மேல் குற்றமில்லை. ஆதார் இணைப்பு இல்லாமல் தவணை நின்றுபோனவர்கள் அஞ்சலகத்தில் கணக்கு தொடங்கலாம் என்று வேளாண்மைத் துறையே அறிவித்தது. பலருக்கு நின்றுபோன தவணை அதனால்தான் திரும்ப வந்தது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. அஞ்சலகத்தில் இருப்பது ஒரு கணக்கல்ல, இரண்டு. 1882 முதல் இருந்துவரும் அஞ்சலக சேமிப்புக் கணக்கு ஒன்று. அதற்கு ஆண்டு வட்டி 4 சதவீதம். மற்றது, 2018 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதும் வந்த இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு. தபால்காரர் செல்போனும் கைரேகைக் கருவியுமாகத் திண்ணையில் உட்கார்ந்து தொடங்கித் தருவது இதைத்தான். இதற்கு வட்டி குறைவு. நாள் முடிவில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்கவும் முடியாது. மஞ்சள், கரும்பு விற்ற பணம் மொத்தமாக வந்தால் இந்த வரம்பு இடிக்கும். சேமிப்புக் கணக்கையும் தொடங்கி இதனோடு இணைத்துவிட்டால், வரம்பைத் தாண்டும் தொகை தானாக அதற்குப் போய்விடும்.

விவசாயிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, பேமெண்ட்ஸ் வங்கி கடன் கொடுக்காது. ரிசர்வ் வங்கி விதியே அப்படி. பயிர்க்கடனோ நகைக்கடனோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ மற்ற வங்கிகளிலோதான். ஆகவே புதுக் கணக்கு வந்துவிட்டதென்று கூட்டுறவு வங்கி பாஸ்புக்கைப் பரணில் போட்டுவிடக் கூடாது. இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாமல் விட்டால் அது செயல்படாத கணக்காகிவிடும். பயிர்க்கடன் வாங்கும் நேரத்தில் அதை உயிர்ப்பிக்க ஆதார், போட்டோ எனத் திரும்ப அலைய வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. தபால்காரரிடம் பணம் எடுக்க அஞ்சலகக் கணக்கே தேவையில்லை. வேறு வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்தையும், அந்த வங்கி ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் சேர்ந்திருந்தால், விரலை வைத்து ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். பஸ் ஏறி டவுனுக்குப் போகும் செலவும் அரை நாள் கூலியும் மிச்சம். வீட்டுக்கு வருவதற்குக் கட்டணம் உண்டா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல் கருவியில் விழாமல் போவது சகஜம். கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வைக்கலாம். முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதியும் இப்போது வந்திருக்கிறது. ஆனால் ‘விழல, இன்னொரு தடவ வைங்க’ என்றால் உடனே வைக்க வேண்டாம். இருப்பைப் பார்க்கச் சொல்லி, பணம் கழியவில்லை என்று தெரிந்த பிறகு வைக்கலாம். கணக்கில் கழிந்து கைக்கு வராத பணம் ஐந்து நாளில் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி.

கேள்வி கேட்ட வாசகர் மனு எழுதும் முன் ஆதார் அட்டையோடு தபால்காரரைப் பார்த்து, புதுக் கணக்கின் இருப்பைக் கேட்கட்டும். 4,000 ரூபாய் இருந்தால் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த தவணை கூட்டுறவு வங்கிக்கே வர வேண்டுமென்றால், அந்தக் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் வாங்கி, மானியம் பெறும் கணக்கை இங்கே மாற்ற வேண்டும் என்ற இடத்தில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெறும் ஆதார் நகல் கொடுத்தால் போதாது. அஞ்சலகக் கணக்கிலும் பணம் இல்லையென்றால், வேறு எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். ஆதாரில் பதிந்த செல்போன் எண் கையில் இருக்க வேண்டும். அதிலும் தெளிவாகாவிட்டால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு, இணையத்தில் ‘செலுத்தப்பட்டது’ என்று காட்டும் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போகலாம்.