அடுப்பைக் குறைகூறிப் பயனில்லை

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் கிராமப்புறமொன்றில் வசிக்கும் மருமகனின் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தேன். வீட்டைச் சூடாக்க அங்கே வினையூக்கி பொருத்திய விறகடுப்பு இருந்தது. புகையையே எரித்துவிடும் அடுப்பு என்று சொல்லி விற்றார்களாம். ஆயினும் புகைபோக்கியிலிருந்து நாள் முழுவதும் புகை எழுந்தது. அயல்வீட்டு மூதாட்டி இருமியபடியே வந்து முறையிட்டபோது, “புதிய அடுப்புத்தானே!” என்பதே மருமகனின் பதிலாக இருந்தது.

அந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை.

இவ்வடுப்பின் உள்ளே தேன்கூடு போன்ற துளைகளுடைய பீங்கான் பாளமொன்றில் பிளாற்றினம் அல்லது பலேடியம் பூசப்பட்டிருக்கும். சாதாரணமாக 540 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே எரியக்கூடிய புகை, இதன்மேல் படும்போது ஏறக்குறைய 260 பாகையிலேயே எரிகிறது. அவ்வெப்பம் வரும்வரை பக்கவழித் தகட்டைத் திறந்து வைத்து, வந்ததும் மூடவேண்டும். விறகு போடக் கதவைத் திறக்குமுன் மீண்டும் தகட்டைத் திறக்கவேண்டும். மருமகனோ வெப்பமானியைப் பார்த்ததேயில்லை. இலையுதிர்காலத்தில் தறித்த பச்சை மேப்பிள் விறகையும், வர்ணம் பூசிய பழம்பலகைகளையும் எரித்தார். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். வர்ணத்திலுள்ள உலோகங்களோ ஊக்கியைச் செயலிழக்கச் செய்துவிடும். எரியாத புகை, புகைபோக்கியில் தாராகப் படிந்து வீட்டுக்கே தீ வைக்கவும் கூடும்.

1988இல் அமெரிக்கா விறகடுப்புகளின் புகைக்கு வரம்பு விதித்தது. பின்னர் அது மேலும் இறுக்கப்பட்டது. ஆனால் அந்த அளவுகள் யாவும், ஆய்வுகூடத்தில் பயிற்சி பெற்றவர்கள் உலர்ந்த மரத்தை எரித்துப் பெற்றவை. முறையாகப் பேணினால் ஆறு பருவங்களுக்கு மேலும் உழைக்கும் ஊக்கி, தவறாகக் கையாண்டால் இரண்டே ஆண்டுகளில் பழுதாகிவிடும். பழைய அடுப்பை மாற்றுவோருக்குப் பணவுதவி வழங்கும் அரசுகள், ஈரமானி ஒன்றையும் அரைநாள் பயிற்சியையும் சேர்த்தே வழங்கவேண்டும் என்பது என் கருத்து. இல்லையேல் அப்பணம் புகையோடு புகையாகப் போய்விடும்.

எங்கள் ஊரில் அம்மா மாரி தொடங்குமுன்பே பனைமட்டைகளை உலர்த்தி, கூரையின்கீழ் அடுக்கிவிடுவார். அவருக்கு ஊக்கியைத் தெரியாது, விறகைத் தெரியும். மருமகன் அடுத்த ஆண்டுக்கான விறகை வசந்தத்திலேயே பிளந்து அடுக்கவேண்டும். அடுப்பு ஆறிக் கிடக்கும்போது ஊக்கியிலுள்ள சாம்பலை மென்தூரிகையால் துடைக்கவேண்டும். அதற்குமுன், அந்த மூதாட்டியிடம் சென்று மன்னிப்புக் கேட்கவேண்டும்.